ஏலக்காரரின் பதினொரு சொற்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், பேச்சு மொழி சிகிச்சையாளர் பேரவையின் வரலாற்றில் இந்த ஆண்டு பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்க ஆண்டாகும். பன்னிரண்டு மாதங்களில் இருபத்து மூன்று கோரிக்கை மனுக்கள் அளிக்கப்பட்டன. பத்தொன்பது மனுக்கள் கிடைத்ததாகப் பதில் வந்தது. மீதி நான்கும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. கிடைக்காத மனுவுக்கு எப்படிப் பதில் வரும் என்று கேட்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள். பேரவையின் சின்னம் மாற்றப்பட்டது. பழைய சின்னத்தில் இருந்த திறந்த வாய் பார்ப்பதற்குச் சிறுநீரகம் மாதிரி இருக்கிறதென்று சிலர் குறை சொன்னதால், புதிய சின்னத்தில் வாய் மூடப்பட்டுவிட்டது. விழிப்புணர்வு வாரத்தின் முதல் நாள், பேச இயலாதோரின் துயரை உணரும் பொருட்டு ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கப்பட்டது. மௌனத்தின் முக்கியத்துவம் பற்றித் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார்.

தொழிலின் பெயரே மாறியது. பேச்சு சிகிச்சையாளர் என்ற பெயரில் கம்பீரம் போதவில்லை என்று எட்டுக் கூட்டம் கூடி, 'தகவல்தொடர்பு மற்றும் விழுங்கல் நலவாழ்வு வல்லுநர்' என்று வைத்தார்கள். புதுப் பலகை மாட்டிய வாரத்திலேயே மூன்று பேர் ரிப்பேரான செல்போனோடு வந்து நின்றார்கள்.

அந்த மூன்று பேருக்கும் வழி சொல்லி அனுப்பியவள் பேச்சக்கா. மேலே கண்ட சாதனைகளைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். பேரவையில் அவள் துணைச் செயலாளர். செயலாளர் என்றால் கையெழுத்து, துணைச் செயலாளர் என்றால் தட்டச்சு என்பது எழுதப்படாத விதி. எழுதப்பட்டிருந்தால் அதையும் அவள்தான் தட்டியிருப்பாள்.

பேச்சக்கா என்பது ஆஸ்பத்திரி வார்டு ஆட்கள் வைத்த பெயர். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேச்சு சிகிச்சைக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். எக்ஸ்ரே அறையைத் தாண்டி, தாழ்வாரம் முடிகிற இடத்தில், முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த அறை அவளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். பேச்சுக்கான அறைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரென்று அவள் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலி, வாய் அசைவைப் பார்ப்பதற்கு ஒரு முகக்கண்ணாடி, நாக்கை அழுத்தும் மரக் குச்சிகள் ஒரு டப்பா நிறைய, கிண்ணம், சாவி, குடை என்று படம் ஒட்டிய அட்டைகள். குடை அட்டையில் குடை கிழிந்திருக்கும். அதைப் பார்க்கிற நோயாளிகள் யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல முடிந்தால் வந்திருக்கவே மாட்டார்கள்.

அவள் இருந்தது தற்காலிகப் பணியிடம். ஒவ்வொரு வருடமும் கடைசி மாதத்தில் துறை இயக்குநர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் நீளும். பத்து வருடம் அந்தக் கையெழுத்து யாரும் படிக்காமலேயே விழுந்தது. இந்த வருடம் புது இயக்குநர் வந்தார். படிக்கிற பழக்கம் உள்ளவர். கோப்பின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்: 'இப்பணியிடத்தால் விளைந்த பயன் யாது?'

பயன் யாது என்று கேட்டால் பேச்சக்கா ஏலக்காரரைத்தான் காட்ட வேண்டும். ஆனால் ஏலக்காரரைக் காட்டினால் பயன் தெரியுமா என்பதுதான் வில்லங்கம்.

ஏலக்காரர் காய்கறிச் சந்தையில் இருபத்தெட்டு வருடம் ஏலம் விட்டவர். ஐம்பத்தாறு வயது. அவர் குரலெடுத்தால் சந்தையின் மறுகோடியில் பேரம் நின்றுவிடும் என்பார்கள். போன வருடக் கடைசியில் ஒரு காலை, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்தார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் தளர்ந்தன. வலது காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி மாட்டி நடக்கப் பழகிக்கொண்டார். பேச்சு மட்டும் போன இடம் தெரியவில்லை. மற்றவர்கள் சொல்வது முக்கால்வாசி புரியும். திருப்பிச் சொல்ல வராது. வந்ததெல்லாம் ஒன்றே ஒன்று: "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

வாழ்நாள் முழுக்கச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, நினைத்துச் சொல்கிற இடத்தைத் தாண்டி எங்கேயோ பதுங்கி உயிர் பிழைத்துக்கொள்ளும். அது பேச்சு இல்லை, பேச்சின் எலும்புக்கூடு. பசித்தாலும் ஒரு தரம், ரெண்டு தரம். கக்கூஸ் போக வேண்டுமென்றாலும் ஒரு தரம், ரெண்டு தரம். தோள்மூட்டு நழுவி ஐந்து நாள் அதையே கத்தியிருக்கிறார். வார்டில் எல்லோரும் சிரித்தார்களாம். "ஏலத்துல யாரும் கேக்கலை போல" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் ஜோக் அடித்திருக்கிறார். ஆறாம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அதன் பிறகுதான் அவரைப் பேச்சக்காவிடம் அனுப்பினார்கள். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம். பத்து மாதத்தில் பதினொரு சொற்கள். ஆமா, வேணாம், தண்ணி, டீ, போதும், வா, போ, படுக்கணும், கூடவே மகளைக் கூப்பிடுகிற 'குட்டி'. 'சும்மா' என்கிற சொல்லை அவள் சொல்லித்தரவே இல்லை. "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று ஒரு நாள் கேட்டதற்கு அதுவாக வந்து விழுந்தது. பதினொன்றாவது, 'வலி'.

'வலி'க்கு மட்டும் இரண்டு மாதம் ஆயிற்று. மேல்பல்லைக் கீழுதட்டில் மெல்ல வைக்க வேண்டும் என்பதை மனிதனின் வாய் மறந்துவிட்டால், அதைக் கண்ணாடி பார்த்துத் திரும்பக் கற்பது, அடுத்தவன் வீட்டில் இருட்டில் ஸ்விட்ச் தேடுகிற மாதிரி. பேச்சக்கா தன் உதட்டைக் காட்டுவாள். அவர் பார்ப்பார். வாய் 'ப' என்று போகும். மறுபடி. 'ம' என்று போகும். மறுபடி. அறுபதாவது தடவையோ எழுபதாவது தடவையோ அவர் மேசையைக் குத்துவார். அவள் டீ வாங்கி வரச் சொல்வாள். ஒரு புதன்கிழமை ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே, தோளைத் தொட்டுக் காட்டி, "வலி" என்றார். அவள் அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

"ஒரு வார்த்தைக்கு ரெண்டு மாசமா?" என்றார் அவர், பள்ளி வாகனம் ஓட்டுகிறவர், கணக்கில் கெட்டி. "நம்ம வீட்ல வந்து பாடம் எடு. வேணாம்கிற அளவுக்குப் பேசுறோம்."

"பேசுறீங்க. வலிக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா நீ உதட்டைப் பாப்ப."

சிவப்பு மைக் கேள்வி வந்ததும் பேச்சக்கா பேரவைத் தலைவரிடம் போனாள். அவளுக்கு வேண்டியது ஒரு கடிதம். மூளை அடைப்பில் போன பேச்சு மெல்லத்தான் வரும், இரண்டு வருடமாவது தொடர்ந்து சிகிச்சை வேண்டும், பணியிடத்தை நீட்டிக்க வேண்டும் என்று பேரவையின் தாளில் பத்து வரி. அறுபத்து மூன்று பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதைப் பதினோராவது வரியாகச் சேர்க்கலாம்.

தலைவர் தனியார் மருத்துவமனை வைத்திருப்பவர். திக்குவாயைக் குணப்படுத்துவதில் பெயரெடுத்தவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குத் திக்க வாய்ப்பே இருக்காது. மேசையில் மூடிய வாய்ச் சின்னம் பித்தளையில் நின்றது.

"கடிதமெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா," என்றார். "இருபத்து மூணு மனு குடுத்தாச்சு, பாத்தல்ல? மனுஷன் கண்ணால பாத்தாத்தான் நம்புவான். ஆண்டு விழாவுக்கு இயக்குநர் வர்றதா ஒத்துக்கிட்டார். முதல் தடவையா வர்றார். நீ ஒரு நோயாளியை மேடையேத்து. ரெண்டே நிமிஷம். வாயைத் திறந்து பேசணும். அவ்வளவுதான். மறுநாள் கையெழுத்து வாங்கித் தர்றது என் பொறுப்பு."

"யாரை சார் ஏத்துறது? ஏலக்கார அண்ணனுக்குப் பதினொரு வார்த்தைதான் வருது."

"பதினொண்ணா? தாராளம். நம்ம வாசகத்துல எட்டுதான்." தாளை எடுத்து எழுதிக் காட்டினார். 'என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அனைவருக்கும் என் நன்றி.' விரல் விட்டு எண்ணினார். "எட்டு. மூணு மிச்சம்."

"சார், அந்தப் பதினொண்ணுல இது ஒண்ணுகூட இல்ல."

"கத்துக் குடும்மா. அதுக்குத்தானே நீ இருக்க."

"கத்துக்குடுக்கிறது வேற சார், உருப்போட வைக்கிறது வேற. உங்களுக்குத் தெரியாததில்ல. ஒரு வாசகத்தைப் போட்டுத் தேய்ச்சா அது ஒட்டிக்கும். அப்புறம் மத்த வார்த்தைக்கு வழி விடாது."

"மேடையில யாரு வித்தியாசம் கண்டுபிடிக்கப் போறா?" என்றார் தலைவர். அன்றைக்கு அவர் சொன்னதிலேயே சின்ன வாக்கியம் அதுதான். உண்மையும் அதுதான்.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒன்பது அமர்வுகள். தப்பு என்று தெரிந்தே பேச்சக்கா ஆரம்பித்தாள். தெரியாமல் செய்கிறவன் பள்ளத்தில் விழுவான். தெரிந்து செய்கிறவன் ஏணி வைத்து இறங்குவான். அறுபத்து மூன்று பேர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வேலை போனால் இவருக்கும் சிகிச்சை போகும் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டும் நிஜம். நிஜமான காரணங்களை வைத்துக்கொண்டு செய்கிற தப்புக்குத்தான் வலிமை அதிகம்.

வழி அவளுக்குத் தெரியும். பேச்சைத் தொலைத்தவர்களுக்கும் மெட்டு தொலைவதில்லை. வாசகத்தை ராகம் போட்டு முனகி, ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வேண்டும். முதலில் இருவரும் சேர்ந்து; அப்புறம் அவள் பாதியில் நிறுத்த, அவர் முடிக்க; அப்புறம் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்துவிட வேண்டும். முறையாகச் செய்தால் ஒரு வாசகத்தில் தொடங்கி, சொல்லை மாற்றி, அடுத்த வாசகம், அதற்கடுத்தது என்று போக வேண்டும். அவள் முதல் வாசகத்தோடு நிறுத்தினாள். நிறுத்திய இடத்திலேயே ஆணி அடித்தாள்.

ஆறாவது அமர்வில் ஏலக்காரர் வாசகத்தை முழுசாகச் சொன்னார். விழுந்த நாளிலிருந்து இதுவரை ஒரு வாக்கியத்தின் அந்தப் பக்கக் கரையைப் பார்க்காத மனிதர். சொல்லி முடித்ததும் திகைத்துப்போய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அந்த அம்மாளுக்குப் பேச்சக்கா டீச்சர்தான். எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறவர்கள் வேறு யாராக இருக்க முடியும்?

"டீச்சர், அந்தக் குரல் டீச்சர். சந்தையில கேட்ட அதே குரல்."

பேச்சக்காவுக்கும் கண் கலங்கியது. அதை மறைப்பதற்கில்லை.

ஒன்பதாவது அமர்வில், எதற்கும் பார்க்கலாமென்று, தண்ணீர்க் கிண்ணப் படத்தை நீட்டினாள். "இது என்னண்ணே?"

"என் குரல்," என்றார். நிறுத்தினார். தலையை உதறினார். அது இல்லையென்று அவருக்கே தெரிந்தது. மறுபடி முயன்றார். "என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது."

"தண்..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"அனைவருக்கும் என் நன்றி."

வயலில் அவளே விதைத்த களை. எத்தனை வயலில் பார்த்திருக்கிறாள். அப்போதே வாசகத்தை நிறுத்திவிட்டு, அட்டைகளை எடுத்து, பதினொரு சொற்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அவள் அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். விழா முடியட்டும், கையெழுத்து விழட்டும், அப்புறம் ஒரு வருடம் இருக்கிறது, கழற்றிவிடலாம்.

விழா பிரமாதமாக நடந்தது. அதாவது, தாமதமாகத் தொடங்கியது, மைக் இரண்டு தடவை கீச்சிட்டது, பூங்கொத்து கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் எதிரெதிர்ப் பக்கமாக நடந்தார்கள். பேச்சின் அருமை பற்றித் தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். அவையோர் மௌனத்தின் அருமையை உணர்ந்தார்கள். பிறகு ஏலக்காரர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, தாங்கி மாட்டிய காலை இழுத்து இழுத்து மேடையேறினார். வெள்ளைச் சட்டை. இடது கையில் மைக்.

முன்வரிசையில் பேச்சக்கா தன் முழங்காலில் தட்டினாள்.

"என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அனைவருக்கும் என் நன்றி."

ஓர் அசை தவறவில்லை. இருபத்தெட்டு வருடம் சந்தையை அடக்கிய குரல் அது. கைதட்டல் மண்டபத்தின் கூரையைத் தொட்டது. கூட்டத்தையும் சத்தத்தையும் பார்த்ததும் ஏலக்காரரின் முதுகு நிமிர்ந்தது. மறுபடி சொன்னார். மறுபடி கைதட்டல். மூன்றாவது தடவை சொன்னபோது இயக்குநர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நல்ல மனிதர். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் சம்பிரதாயத்துக்குத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். நல்லவர் என்பதால் எழுந்து போய் ஏலக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, மைக்கிலேயே அக்கறையோடு விசாரித்தார்.

"ஐயா, உங்களுக்கு இன்னும் ஏதாவது குறை இருக்கா? சிகிச்சை வேற எதுவும் வேணுமா? கூச்சப்படாம சொல்லுங்க."

ஏலக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். கேள்வி அவருக்குப் புரிந்தது. பேச்சக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் கண் அவளைத் தேடியது. உதடு ஏதோ ஒன்றுக்காகக் குவிந்தது, கலைந்தது, மறுபடி குவிந்தது. அவள் தட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

"என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது," என்றார் ஏலக்காரர். "அனைவருக்கும் என் நன்றி."

"பாருங்க," என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. "ஒரு குறையும் இல்லைங்கிறார்."

பத்து நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. சிவப்பு மை இல்லை, பச்சை மை. 'நேரில் கண்டேன். மனம் நெகிழ்ந்தேன். இப்பணியிடத்தின் இலக்கு முழுமையாக எய்தப்பட்டுவிட்டதால், மேலும் நீட்டிப்பு அவசியமில்லை. பணியாற்றியவருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்புக.'

பேச்சக்கா இயக்குநர் அலுவலகத்துக்கு ஓடினாள். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் மடியிலிருந்த கோப்பில் பதவிப் பெயரைப் பார்த்துவிட்டு, "மேடைப் பேச்சுக்கு வகுப்பு எடுக்கிறீங்களாமே, என் மச்சான் தேர்தல்ல நிக்கிறான்" என்று ஆரம்பித்தார். உள்ளே கூப்பிட்டதும் எழுந்து ஓடினாள்.

"சார், அவர் குணமாகலை."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என் காதால கேட்டேனேம்மா."

"அது ஒரே ஒரு வாசகம் சார். நான் உருப்போட வெச்சேன். அது மட்டும்தான் வரும். எது கேட்டாலும் அதுதான் வரும்."

"அப்போ மேடையில நடந்தது ஏமாத்து வேலையா?" கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். "என்னை அழ வெச்சீங்க. ஏமாத்துன்னா நான் விசாரணை போடணும். பணியிடம் அப்பவும் இருக்காது. நிஜம்னா இலக்கு முடிஞ்சது. பணியிடம் இருக்காது. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"பொய் இல்ல சார். ஆனா பேச்சும் இல்ல."

"பொய்யும் இல்ல, பேச்சும் இல்ல. அப்போ அதுக்குப் பேர் என்ன?"

பேர் இருந்தது. புத்தகத்தில் அரைப் பக்க நீளத்துக்கு இருந்தது. பேச்சக்கா வாயைத் திறந்தாள். பதினோரு வருடமாக மற்றவர்கள் தன் எதிரில் உட்கார்ந்து எப்படித் தவித்தார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உள்பக்கமிருந்து தெரிந்தது. இயக்குநர் பொறுமையாகக் காத்திருந்தார். சொல்லியிருக்கிறோமே, நல்ல மனிதர். ஒரு நிமிடம் போனதும் மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தலைவருக்குப் போன் செய்தாள். அவர் உற்சாகத்தில் இருந்தார்.

"கேள்விப்பட்டேம்மா. தோல்வியா நினைக்காத. இந்தத் தொழில் வரலாற்றுலயே ஒரு பணியிடம் இலக்கை முடிச்சு மூடினது இதான் முதல் தடவை. உலக மாநாட்டுல பேசலாம்."

"அறுபத்து மூணு பேரை என்ன சார் பண்றது?"

"அதுக்கு ஒரு மனு போடலாம்," என்றார் தலைவர். "தட்டிக் கொண்டா."

கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அறை மறுபடி படுக்கை விரிப்புகளுக்குப் போகிறது. பேச்சக்கா காலையிலிருந்து பட்டியலில் இருந்தவர்களுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போனை எடுத்துப் பதில் சொல்ல முடியாதவர்களின் வீடுகள். பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் எடுத்தார்கள். "சரிங்க மேடம்," "எப்ப வரட்டும் மேடம்," "வேற எங்க போகணும் மேடம்." வேற எங்கே என்பதற்கு அவளிடம் விலாசம் இல்லை.

மூன்றேகாலுக்கு ஏலக்காரரும் மனைவியும் வந்தார்கள். அவருடையதுதான் கடைசி அமர்வு. இழுப்பறையிலிருந்து அட்டைகளை எடுத்து வைத்திருந்தாள். முக்கால் மணி நேரம் என்றில்லை, ஐந்து மணி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். பதினொன்றில் ஐந்தையாவது எழுப்பிவிட்டால், மிச்சத்தை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்ய வைக்கலாம் என்று கணக்கு. முழுகுகிறவன் புல்லைப் பிடிக்கிற கணக்கு.

"என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது," என்றார் ஏலக்காரர் உட்காரும்போதே. முகம் வியர்த்திருந்தது.

"மூணு நாளா ஓயலை டீச்சர்," என்றாள் மனைவி. சிரிப்பும் சலிப்புமாக. "காலைல எந்திரிச்சதும் இதுதான். சாப்பிடும்போதும் இதுதான். காலைக் காலைக் காட்டிச் சொல்றார். மேடைக்கு நடந்து போய்ப் பேசினதை நெனச்சுச் சந்தோஷப்படுறார். குட்டி வீடியோ எடுத்துச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டா. என் நாத்தனார் பாத்துட்டு அழுதாளாம்."

"அனைவருக்கும் என் நன்றி." கத்தினார். இடது கை வலது முழங்காலில் அடித்தது, பிறகு கீழே சுட்டியது.

பேச்சக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து தரையில் உட்கார்ந்து, தாங்கியின் பட்டைகளைப் பிரித்தாள். மேல் பட்டை எளிதாக வந்தது. கணுக்கால் பட்டை காலுறையோடு சேர்ந்து ஒட்டியிருந்தது. மெல்ல உரித்தபோது நாற்றம் முதலில் வந்தது. பட்டையின் விளிம்பு மடங்கி உள்ளே திரும்பியிருந்தது. அது அறுத்த இடத்தில், எலும்புக்குப் பக்கத்தில், நாலு விரல் அகலத்துக்குச் சதை கறுத்துச் சீழ் வைத்திருந்தது. கால் முழங்கால் வரைக்கும் சிவந்து கொதித்தது.

மனைவி நாற்காலியிலிருந்து அப்படியே தரைக்கு இறங்கி உட்கார்ந்தாள். "சந்தோஷமா இருக்கார்னு நெனச்சேனே," என்றாள். "நானும் கூடச் சேர்ந்து சொன்னேனே டீச்சர். அவர் சொல்லச் சொல்ல, நானும் கைதட்டினேனே."

"நீங்க இல்லம்மா," என்றாள் பேச்சக்கா. "நான்." வார்டுக்குப் போன் செய்தாள். அறுவைப் பிரிவில் டாக்டர் உள்ளே இருக்கிறார், ஸ்ட்ரெச்சர் அனுப்புகிறோம், அரை மணி ஆகும் என்றார்கள். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். சுத்தமான துணி போட்டாள். அரை மணி நேரம் இருந்தது. அங்கே போனதும் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பார்கள். எத்தனை நாள் படுக்கையோ. பக்கத்துப் படுக்கையில் யாரோ. அவர் வாசகத்தைச் சொல்வார். சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவார்கள்.

கண்ணாடியை இழுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"அண்ணே, என்னைப் பாருங்க. மெட்டு வேணாம். கையை மடியில வைங்க. தட்ட வேணாம். உதட்டை மட்டும் பாருங்க." மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்தாள். "வ."

"என்," என்றார்.

"இல்லண்ணே. வ."

"என் கு..." தலையை உதறினார். கண்ணில் நீர் வழிந்தது. பல்லை உதட்டில் வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார். அவள் தன் விரலால் அவர் உதட்டை லேசாகத் தாங்கிப் பிடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது.

"வ."

"வ..." என்றார். வந்தது. காற்றுதான் அதிகம், ஆனாலும் வந்தது.

"அதேதான். அதே இடம். விட்டுடாதீங்க. வ... லி."

அவர் மூச்சை இழுத்தார். தாழ்வாரத்தில் காலடி கேட்டது. ஸ்ட்ரெச்சர் சத்தம் இல்லை, செருப்புச் சத்தம். அவர் பார்வை கதவுக்குப் போகாமல் இருக்க, அவள் கண்ணாடியை இன்னும் கிட்டே தள்ளினாள்.

சாவி வாங்க வேண்டியவர் நாலு மணிக்கே வந்துவிட்டார்.